கில்பர்ட் ஒயிட்: சொந்த ஊரிலேயே ஒரு தேடல்

கில்பர்ட் ஒயிட் (18 சூலை 1720 – 26 சூன் 1793) இங்கிலாந்தைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர். திருச்சபையின் உதவிக் குருவானவர். தென் இங்கிலாந்தின் ஆம்ப்சயரில் உள்ள செல்போர்ன் என்னும் சிற்றூரில் பிறந்து, அவ்வூரிலேயே இறந்தார். அவர் காலத்து ஆய்வாளர்கள் பலர் கடல் கடந்து புதுமை தேடினர். ஒயிட் தம் வீட்டுத் தோட்டத்திலும் ஊர்ப் புறத்திலும் அதைக் கண்டார்.

வாழ்வு

ஒயிட் ஆக்சுபோர்டு பல்கலைக்கழகத்தில் பயின்று, அங்குள்ள ஓரியல் கல்லூரியின் ஆய்வுறுப்பினரானார். வேறு ஊர்களில் உயர்ந்த பதவிகள் கிடைக்கும் வாய்ப்பு இருந்தும், செல்போர்னை விட்டுப் போக மனமின்றி அவற்றை மறுத்தார். குதிரை வண்டிப் பயணம் அவர் உடலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்பதும் உண்மை. எனினும், ஊரின் மீதிருந்த பற்றே அவரை அங்கு நிறுத்தியது.

நோக்கும் முறை

1751 முதல் தோட்டக் குறிப்பேடு எழுதினார். 1768 முதல் இறக்கும் வரை மழை, வெயில், பூக்கும் காலம், பறவைகளின் வருகை ஆகியவற்றை இயற்கை நாட்குறிப்பில் பதிந்தார். இறந்த உயிரிகளைச் சேகரிப்பதைவிட, உயிருள்ளவற்றின் பழக்கங்களைப் பொறுமையாகப் பார்ப்பதே அவரது முறை. ஒரே இடத்தை ஆண்டுதோறும் பார்த்ததால், அவசரப் பயணியின் கண்ணுக்குத் தப்பும் சிறு மாற்றங்களும் அவருக்குப் புலப்பட்டன.

கண்டறிந்தவை

- தோற்றத்தில் ஒத்திருந்த இலைக் கதிர்க்குருவிகள் மூன்று தனி இனங்கள் என்பதை, முக்கியமாக அவற்றின் குரலைக் கொண்டு பிரித்தறிந்தார்.
- கோதுமை வயலில் வாழும் மிகச் சிறிய எலியை விவரித்தார். அதன் கூடு கிரிக்கெட் பந்து அளவே இருந்தது. இரண்டு எலிகளைத் தராசில் இட்டபோது அவற்றின் எடை ஓர் அரைப்பென்னி செப்புக் காசுக்குச் சமமாக இருந்தது.
- மண்ணைத் துளைத்து வளப்படுத்தும் மண்புழு இல்லாவிட்டால் நிலம் இறுகிப்போகும் என்று 1777இல் எழுதினார். மண்புழு பற்றிய சார்லசு டார்வினின் நூல் 1881இல்தான் வெளிவந்தது.
- 1780இல் அத்தையின் மறைவுக்குப் பின் தம்மிடம் வந்த 'திமோத்தி' என்னும் ஆமையின் உறக்கத்தையும் உணவையும் ஆண்டுக்கணக்கில் குறித்தார். அது பெண் ஆமை என்பது பின்னாளில்தான் தெரிந்தது.

எல்லைகள்

ஓர் ஊரை மட்டும் பார்ப்பதில் குறையும் உண்டு. தகைவிலான் குருவிகளில் சில குளிர்காலத்தில் வெளிநாடு செல்லாமல் உள்ளூர்ப் பொந்துகளில் உறங்கக்கூடும் என்ற எண்ணத்தை ஒயிட் கைவிடவில்லை. புதர்களில் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. சிப்ரால்ட்டரில் குருவாகப் பணியாற்றிய தம்பி ஜான், அக்குருவிகள் நீரிணையைக் கடப்பதைக் கண்டு தெரிவித்தார். ஊருக்குள்ளிருந்து விடை காண முடியாத கேள்விகளுக்கு, இவ்வாறு பிறர் எழுதிய கடிதங்களே ஒயிட்டுக்குத் துணையாயின.

நூலும் தாக்கமும்

தாமசு பென்னன்ட், டெய்ன்சு பாரிங்டன் ஆகிய அறிஞர்களுக்கு எழுதிய கடிதங்களின் வடிவில், செல்போர்னின் இயற்கை வரலாறு பற்றிய அவரது நூல் 1789இல் வெளியானது. அதைச் சிறுவயதில் படித்த டார்வினுக்குப் பறவைகளை நோக்கும் ஆர்வம் பிறந்தது. ஒயிட் வாழ்ந்த வீடு இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

தொலைவு செல்ல வசதியில்லாத மாணவருக்கும் ஒயிட்டின் வழி திறந்தே இருக்கிறது. ஒரு குறிப்பேடும், நாள்தோறும் ஒரே மரத்தையோ குளத்தையோ பார்க்கும் பொறுமையும் அதற்குப் போதும்.