வள்ளமும் வானூர்தியும்

யாழ்ப்பாண நகரத்தின் கிழக்குப் புறத்திலே, கண்டி வீதியின் இருமருங்கும் பரந்து, தெற்கே கடல்நீரேரியைத் தொட்டுக் கிடக்கும் ஊர் அரியாலை. விடியற்காலையில் அதன் கரையோரத்தே நிற்பவரின் காதில், வலையெடுக்கச் செல்லும் வள்ளங்களின் ஓசை வந்து விழும். வள்ளத்தின் பின்புறத்தில் மாட்டப்பட்ட வெளியிணைப்பு இயந்திரம், கயிற்றை இழுத்தவுடன் சீறி எழுந்து, சிறிது நீலப்புகையை உமிழ்ந்து, வள்ளத்தை உந்திச் செல்லும். நீரேரியின் நடுவே அது நின்றுவிட்டால் வள்ளக்காரர் பெரிதும் கலங்குவதில்லை. ஆழம் குறைந்த இடமாயின் கோலை ஊன்றுவார். ஆழமாயின் துடுப்பை எடுப்பார். பின்னர் இயந்திரத்தின் மூடியைத் திறந்து, பிளக் எனப்படும் தீப்பொறிச் செருகியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் மாட்டிக் கயிற்றை இழுத்துப் பார்ப்பார்.

இத்தகைய சிறு வள்ளங்களை உந்துவதும், பழைய மோட்டார் சைக்கிள்களை ஓட்டியதும், தென்னை மரத்தை அறுக்கும் சங்கிலி வாளைச் சுழற்றுவதும் பெரும்பாலும் ஒரே குலத்து இயந்திரங்களே. பட்டறைகளில் ‘டூ ஸ்ரோக்’ என்று வழங்கும் ஈரடிப்பு இயந்திரம் அது. இதே குலத்து இயந்திரந்தான் உலகின் பல பாகங்களிலும், தனி மனிதர் தம் வீட்டுக் கொட்டகையிலே கட்டிய சிறு விமானங்களை வானத்தில் ஏற்றிப் பறக்கச் செய்திருக்கிறது. ஆனால் வானத்தில் ஊன்றுவதற்குக் கோல் இல்லை. இயந்திரத்தின் மூடியைத் திறப்பதற்கு நேரமும் இல்லை. நீரேரியிலே பொறுத்துக்கொள்ளக்கூடிய ஒரு குறை, வானத்திலே உயிரோடு விளையாடுவதாகிவிடுகிறது. அப்படியிருந்தும் இவ்வியந்திரத்தை நம்பி மனிதர் எவ்வாறு பறக்கின்றனர் என்பது ஆராயத்தக்கது.

முதலில் இயந்திரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். மோட்டார்க் கார்களிலே பெரும்பாலும் காணப்படுவது நான்கடிப்பு இயந்திரம். அதில் பிஸ்டன் ஒருமுறை இறங்கிக் காற்றும் பெற்றோலும் சேர்ந்த கலவையை உள்ளிழுக்கும். ஏறி அதனை நெருக்கும். தீப்பொறி பட்டுக் கலவை எரிய, அந்த வேகத்தால் மறுபடியும் இறங்கும். மீண்டும் ஏறிப் புகையை வெளியே தள்ளும். ஆகவே தண்டு இருமுறை சுழல, ஒருமுறையே வலுப் பிறக்கிறது. ஈரடிப்பு இயந்திரத்தின் வழி வேறு. பிஸ்டன் ஏறும்போது அதன் தலைப்பக்கத்தில் கலவை நெருக்கப்படுகிறது. அதே வேளையில் அடியிலுள்ள கிராங்க் அறைக்குள் புதிய கலவை வந்து புகுகிறது. தீப்பொறி பட்டுப் பிஸ்டன் இறங்கும்போது சிலிண்டரின் சுவரிலுள்ள துவாரங்கள் திறக்கின்றன. ஒரு துவாரத்தால் புகை வெளியேற, மற்றவற்றால் அடியிலிருந்த புதிய கலவை மேலே பாய்கிறது. தண்டு சுழலும் ஒவ்வொரு முறையும் வலுப் பிறக்கிறது.

இதனால் விளையும் பயன் பெரிது. நான்கடிப்பு இயந்திரத்துக்கு வேண்டிய வால்வுகள், அவற்றைத் திறந்து மூடும் உறுப்புகள், அடியில் எண்ணெய் நிரம்பிய தொட்டி ஆகியவை இங்கே தேவையில்லை. உறுப்புகள் குறையவே பாரமும் குறைகிறது. பழைய சிறு விமானங்களில் புகழ்பெற்று விளங்கிய கொன்டினென்டல் ஏ-65 என்னும் நான்கடிப்பு இயந்திரத்தின் கொள்ளளவு 2.8 லீற்றர், அது தந்தது 65 குதிரைவலு. ஆஸ்திரிய நாட்டு ரோட்டாக்ஸ் நிறுவனம் செய்த 582 என்னும் ஈரடிப்பு இயந்திரத்தின் கொள்ளளவோ ஏறக்குறைய 580 கன சென்ரிமீற்றர் மட்டுமே. அதுவும் அதே அளவான வலுவைத் தரும். ஐந்தில் ஒரு பங்கு பருமனில் அதே வலுவைப் பெறுவதற்காக அது நிமிடத்துக்கு 6,000 சுற்றுகளுக்கும் மேலாகச் சுழல வேண்டியிருக்கிறது. விமானத்தின் சுழல்விசிறி அத்தனை வேகத்தில் செவ்வனே வேலை செய்யாது. ஆகையால் இயந்திரத்துக்கும் விசிறிக்கும் இடையே வேகத்தைக் குறைக்கும் பற்சக்கரப் பெட்டி ஒன்று அமைக்கப்படுகிறது.

தாமே விமானம் கட்டிப் பறக்கும் ஆசை புதியதன்று. 1910ஆம் ஆண்டிலேயே சென்னையில் விடுதி நடத்திய டி ஏஞ்சலிஸ் என்பவர், சிம்சன் நிறுவனத்தின் பட்டறையிலே விமானமொன்றைக் கட்டுவித்துப் பறந்து காட்டினார். ஈரடிப்பு இயந்திரத்தோடு இவ்வாசையைச் சாமானிய மனிதரின் கைக்கெட்டச் செய்தவர் பிரான்ஸ் நாட்டு ஹென்றி மின்யே. ‘வானத்துப் பேன்’ என்று பொருள்படும் பெயர் தாங்கிய அவருடைய சிறு விமானம் 1933ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் முதன்முதலாகப் பறந்தது. அதில் இருந்தது 500 கன சென்ரிமீற்றர் கொண்ட, 17 குதிரைவலுவுடைய ஈரடிப்பு மோட்டார் சைக்கிள் இயந்திரமாகும். அடுத்த ஆண்டில், அதனைக் கட்டும் முறையை விளக்கி அவர் நூலொன்றை வெளியிட்டார். பிரான்சிலும் இங்கிலாந்திலும் நூற்றுக்கணக்கானோர் மரமும் துணியும் வாங்கிக் கட்டத் தொடங்கினர். 1935ஆம் ஆண்டில் மின்யே அவ்விமானத்திலேயே ஆங்கிலக் கால்வாயைக் கடந்தார். ஆனால் விரைவிலே விபத்துகள் நிகழ்ந்து பலர் உயிரிழந்தனர். விமானத்தைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்துச் சோதித்தபோது, மூக்குக் குத்திக் கீழே பாயும் நிலையில் முன்சிறகும் பின்சிறகும் ஒன்றையொன்று பாதித்து, மீண்டும் நிமிர இயலாமற் செய்வது தெரியவந்தது. ஆர்வத்தோடு கட்டிய கைகளில் குறையில்லை. சோதித்து அறியும் முன்னே பறந்ததே குறை. வீட்டில் விமானம் கட்டுவோருக்கு அது மறக்கலாகாத பாடமாயிற்று.

இலங்கையிலே இத்துறையில் நினைவுகூரத்தக்கவர் ரே விஜேவர்த்தன. 1924ஆம் ஆண்டில் பிறந்து 2010ஆம் ஆண்டில் மறைந்த இவர், கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்றவர். 1950களில் வயலுக்கு ஏற்ற இருசக்கர உழவு இயந்திரத்தை உருவாக்கியவர். சிறு விமானங்களைத் தாமே வடிவமைத்துக் கட்டி, தாமே ஏறிப் பறந்து சோதித்தார். அயலிலே, பெங்களூரைச் சேர்ந்த ராஜ் ஹம்ஸா நிறுவனத்தின் எக்ஸ்-ஏர் என்னும் சிறு விமானம், பகுதி பகுதியாகப் பெட்டியில் அனுப்பப்பட்டு, வாங்கியவராலேயே பூட்டப்பட்டுப் பிற நாடுகளிலும் பறந்தது. அதில் பலவற்றுக்கு உயிராய் இருந்தது மேலே கூறிய ரோட்டாக்ஸ் 582 இயந்திரமே.

இனி, இவ்வியந்திரத்தைப் பேணும் முறையைக் கவனிக்கலாம். முதலாவது, எண்ணெய். தொட்டியில் எண்ணெய் இல்லாத காரணத்தால், பெற்றோலோடு கலந்து வரும் எண்ணெயே உள்ளுறுப்புகளுக்கு வழுக்குத் தன்மையைத் தருகிறது. ஐம்பதுக்கு ஒன்று என்பது பொதுவான அளவு. ஒரு லீற்றர் பெற்றோலுக்கு 20 மில்லிலீற்றர் எண்ணெய். 20 லீற்றர் கொள்ளும் கலனுக்கு 400 மில்லிலீற்றர். இதனைக் கண்மதிப்பாக ஊற்றுவது தகாது. எண்ணெய் கலவாத பெற்றோலில் ஓடும் இயந்திரம் சில நிமிடங்களுக்குள் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்ள, இறுகி நின்றுவிடும். எண்ணெய் மிகுந்தாலும் தீமையுண்டு; கரி படிந்து, பிளக் நனைந்து, பொறி தவறும். ஆகவே கலக்கும் கலனின் மேல் அளவையும் திகதியையும் எழுதி வைப்பது அனுபவசாலிகளின் வழக்கம். நெடுநாள் கிடந்த கலவையை அவர்கள் விமானத்தில் ஊற்றுவதில்லை.

இரண்டாவது, காற்றுக்கும் பெற்றோலுக்கும் உள்ள விகிதம். காபரேட்டரில் சிறு தூசி அடைத்தாலும், ரப்பர்க் குழாய் வெடித்துக் காற்றுப் புகுந்தாலும், பெற்றோல் குறைந்து கலவை மெலியும். மெலிந்த கலவை மிகுந்த சூட்டோடு எரியும். பிஸ்டனின் தலை உருகித் துவாரம் விழுவதும் உண்டு. பெற்றோல் குறையும்போது அதனோடு வரும் எண்ணெயும் குறைகிறது என்பதையும் மறத்தலாகாது. சிலிண்டர்த் தலையின் சூட்டையும் வெளியேறும் புகையின் சூட்டையும் காட்டும் மானிகள் இதன்பொருட்டே விமானியின் கண்முன் வைக்கப்படுகின்றன. கழற்றியெடுத்த பிளக்கின் நிறமும் ஒரு சாட்சி. கபில நிறம் நன்மையைக் காட்டும்; வெண்மை மிகுசூட்டைக் காட்டும்; கரிய பிசுக்கு எண்ணெய் அல்லது பெற்றோலின் மிகுதியைக் காட்டும்.

மூன்றாவது, சூடாக்குதல். குளிர்ந்த இயந்திரத்தை இயக்கியவுடனேயே முழுவலுவையும் கேட்டால், பிஸ்டன் விரைவாக விரிய, சிலிண்டர் அதற்கு ஈடாக விரியாது இறுக்கம் நேரும். தரையில் பொறுமையோடு சில நிமிடங்கள் ஓடவிட்டு, மானி உரிய சூட்டைக் காட்டிய பின்னரே புறப்படல் வேண்டும்.

நான்காவது, கரியும் துருவும். எரிந்த எண்ணெயின் கரி பிஸ்டன் வளையங்களின் பள்ளங்களில் படிந்து அவற்றை அசையாமற் செய்யும். குறித்த மணிக் கணக்குக்கு ஒருமுறை அதனைச் சுரண்டி அகற்ற வேண்டும். யாழ்ப்பாணம் போன்ற உப்புக்காற்று வீசும் நாட்டிலே துரு அதனினும் கொடிய பகை. நான்கடிப்பு இயந்திரத்தைப் போல இதில் எண்ணெய் தேங்கி நிற்பதில்லை. ஆகையால் மாதக்கணக்காக ஓடாது கிடக்கும் இயந்திரத்தின் கிராங்க் தண்டுத் தாங்கிகளிலே துரு ஏறும். ஓடாத இயந்திரம் தேயாது என்று எண்ணுவது தவறு. ஓய்ந்திருக்கும் காலத்துக்கென உள்ளே காப்பெண்ணெய் செலுத்தி, வாய்களை அடைத்து வைத்தல் வேண்டும்.

இவ்வளவும் செய்த பின்னரும் ஓர் உண்மை எஞ்சி நிற்கிறது. இவ்வகை இயந்திரம் எந்நேரமும் திடீரென நின்றுவிடக் கூடும் என்று அதனைச் செய்த நிறுவனமே தன் கைந்நூலில் எச்சரித்திருக்கிறது. 300 மணி நேரம் ஓடியபின் முழுவதும் பிரித்துப் புதுப்பிக்க வேண்டுமென்பது அதன் விதி. அந்நிறுவனத்தின் 912 என்னும் நான்கடிப்பு இயந்திரத்துக்கு அவ்வெல்லை 2,000 மணி நேரம் வரை நீண்டது. ஆதலால் ஈரடிப்பு இயந்திரத்தோடு பறப்பவர், ‘இயந்திரம் நின்றால் என்ன செய்வது?’ என்ற வினாவைத் தரையிலேயே தீர்த்துக்கொண்டுதான் ஏற வேண்டும்.

இயந்திரம் நின்றவுடன் விமானம் கல்லைப் போல விழுந்துவிடுவதில்லை. வேகம் இருக்கும்வரை சிறகு தாங்கும். அது வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரு மீற்றர் இறங்குவதற்குள் ஏழு மீற்றர் முன்னேறும் விமானமாயின், 300 மீற்றர் உயரத்திலிருந்து ஏறக்குறைய 2 கிலோமீற்றர் செல்லலாம். ஆனால் பாரமற்ற சிறு விமானம் தன் வேகத்தை நொடியில் இழக்கும். ஏறிக்கொண்டிருக்கும்போது இயந்திரம் நின்றால் உடனே மூக்கைத் தாழ்த்த வேண்டும். புறப்பட்ட ஓடுபாதைக்கே திரும்பிவிடலாம் என்ற ஆசையால், உயரம் போதாத நிலையில் வளைந்து, சிறகு தாங்காமல் விழுந்து மாண்டோர் பலர். முன்னே தெரியும் வெளியில் நேரே இறங்குவதே விதி.

அரியாலையின் மேலாக அத்தகைய விமானமொன்று பறப்பதாகக் கற்பனை செய்துகொண்டால் இதன் பொருள் விளங்கும். கீழே பனந்தோப்பும், வேலி அடைத்த வளவுகளும், வாய் திறந்த கிணறுகளும், மின்கம்பிகளும் நெருங்கியிருக்கும். அறுவடை முடிந்த வயல்வெளி ஒன்று கிழக்கே தெரியும். தெற்கே நீரேரியின் சேற்றுக்கரை விரியும். எந்தக் கணத்தில் எந்த வெளி எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதை விமானி இடைவிடாது கணித்துக்கொண்டே செல்ல வேண்டும். சோளகக் காற்று உரத்து வீசும் மாதங்களிலே, காற்றை எதிர்த்து எட்டும் தூரம் சுருங்கிவிடும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இயந்திர அறிவு குடாநாட்டுக்குப் புதியதன்று. 1990களின் முற்பகுதியில் எரிபொருளுக்குத் தடை இருந்தபோது, சில துளி பெற்றோலால் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓட்டிய கைகள் இங்குள்ளவை. அந்த ஆற்றல் போற்றத்தக்கது. வேறு வழியற்ற மக்களை அது தாங்கியது. ஆயினும் ‘இப்போதைக்கு ஓடினாற் போதும்’ என்ற நெறி தெருவுக்கும் நீரேரிக்கும் பொருந்தலாம், வானத்துக்குப் பொருந்தாது. வானத்தில் பறக்கும் இயந்திரத்துக்கு, கெட்டபின் திருத்தும் சாமர்த்தியத்தைக் காட்டிலும் கெடுமுன் காக்கும் ஒழுங்கே பெரிது. செய்த வேலை ஒவ்வொன்றையும் குறிப்பேட்டில் எழுதுவதும், தாம் பூட்டியதை இன்னொருவரின் கண்ணால் பரிசோதிப்பிப்பதும், அதிகாரசபையின் அனுமதி பெற்றே பறப்பதும் அவ்வொழுங்கின் பகுதிகள்.

அரியாலைக் கரையிலே மாலை வேளையில் வள்ளம் திரும்பியதும், இயந்திரத்தைக் கழற்றித் தோளில் சுமந்து வந்து, நன்னீரால் உப்பைக் கழுவி, துணியால் துடைத்து நிழலில் வைக்கும் மீனவர் உண்டு. மறுநாள் விடியலில் ஒரே இழுப்பில் அது உயிர்பெறுவதன் காரணம் அந்தச் சிறு வேலையிலேயே அடங்கியிருக்கிறது. வானத்தில் பறக்க விரும்புபவரும் அந்த மீனவரிடமிருந்தே தம் முதற் பாடத்தைத் தொடங்கலாம்.