பழைய பெயருக்கு இரண்டு ஆண்டு போதாது

மெட்ராஸ் சிமெண்ட்ஸ் 2013-இல் ராம்கோ சிமெண்ட்ஸ் ஆனது, யு.டி.ஐ. பேங்க் 2007-இல் ஆக்சிஸ் பேங்க் ஆனது. இரண்டிலும் பெயர்தான் புதிது, கம்பெனி பழையதே. இப்படிப் பெயர் மாற்ற 2013-ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் வகுத்திருக்கும் வழி கடுமையானதுதான். பங்குதாரர் கூட்டத்தில் பதிவாகும் வாக்குகளில் நான்கில் மூன்று பங்கு ஆதரவோடு சிறப்புத் தீர்மானம் நிறைவேற வேண்டும். புதுப் பெயர் இன்னொரு கம்பெனியின் பெயரையோ பதிவான டிரேட்மார்க்கையோ ஒத்திருக்கக் கூடாது. ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யாத கம்பெனிக்கும், முதிர்ந்த டெபாசிட்டைத் திருப்பித் தராத கம்பெனிக்கும் அனுமதி கிடையாது. கம்பெனிப் பதிவாளர் புதிய சான்றிதழ் கொடுத்த பிறகே மாற்றம் செல்லும். பங்குச்சந்தையில் பட்டியலிட்ட கம்பெனிகளுக்கு, சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி இன்னொரு நிபந்தனையும் வைத்திருக்கிறது: புதுப் பெயர் ஒரு புதிய தொழிலைச் சொன்னால், முந்தைய ஓராண்டு வருமானத்தில் பாதியாவது அந்தத் தொழிலிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது கம்பெனியின் சொத்தில் பாதி அளவாவது அதில் முதலீடு செய்யப்பட்டிருக்க வேண்டும். அமெரிக்காவில் 2017 டிசம்பரில் லாங் ஐலண்ட் ஐஸ்டு டீ என்ற பானக் கம்பெனி, பிளாக்செயின் என்ற டிஜிட்டல் பதிவேட்டுத் தொழில்நுட்பத்தின் பெயரைச் சேர்த்து லாங் பிளாக்செயின் என்று பெயர் மாறப்போவதாக அறிவித்த அன்றே அதன் பங்கு விலை இரு மடங்குக்கு மேல் எகிறியது. அதை நினைத்தால் இந்த விதியின் அருமை புரியும்.

வாசலில் இத்தனை காவல் வைத்த சட்டம், பெயர் மாறிய பிறகு அசந்துவிடுகிறது என்பதே என் குறை. பெயர்ப்பலகையிலும் பில்லிலும் கடிதத் தாளிலும் பழைய பெயரையும் சேர்த்துப் போட வேண்டும். ஆனால் இரண்டு ஆண்டுக்கு மட்டும். தகுதியுள்ள கம்பெனிகள் பொதுமக்களிடம் 36 மாதம் வரை டெபாசிட் வாங்க இதே சட்டம்தான் இடம் தருகிறது. கடன் பாக்கிக்கு வழக்குப் போட காலவரம்பு மூன்று ஆண்டு. புதுப் பெயர் தன் டிரேட்மார்க்கோடு மோதுகிறது என்று முறையிட அதன் உரிமையாளருக்கும் மூன்று ஆண்டு. டெபாசிட் போட்ட மறுமாதமே பெயர் மாறினால், முதிர்வு நாளில் ரசீதில் இருக்கும் பெயர் அந்த அலுவலகத்தின் பலகையில் இருக்காது.

கம்பெனியின் 21 இலக்க அடையாள எண் பெயரோடு மாறுவதில்லை, அதை வைத்து கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் தேடலாமே என்பார்கள். தேடலாம்தான். ஆனால் பதிவு அலுவலகம் வேறு மாநிலத்துக்குப் போனால் அந்த எண்ணும் மாறிவிடும். மேலும், சரக்கு கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருக்கும் சிறு வியாபாரி பார்ப்பது பெயரைத்தான். இன்னொரு வாதம் இதைவிட வலுவானது: பழைய நிர்வாகத்தின் அவப்பெயரைப் புதிதாக வந்தவர்கள் ஏன் சுமக்க வேண்டும்? பழைய நிர்வாகம் வாங்கிய கடனும் கம்பெனியோடுதான் வருகிறது என்பதே இதற்குப் பதில். கடனை ஏற்றுக்கொண்டவர்கள், கடன் கொடுத்தவருக்குத் தெரிந்த பெயரை இன்னும் ஓராண்டு சிறு எழுத்தில் போடுவதால் எதையும் இழந்துவிட மாட்டார்கள். அந்த இரண்டு ஆண்டை அரசு மூன்றாக்க வேண்டும். அதுவரை, டெபாசிட் ரசீதிலும் பில்லிலும் உள்ள அடையாள எண்ணைத் தனியாகக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.