கட்டும் வெட்டும்: கணினி விளையாட்டில் மந்திரப் பொருள்

மட்டக்களப்புக்குப் போகிறவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வேடிக்கையாகச் சொல்வதை நேயர்கள் கேட்டிருப்பீர்கள். வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்த ஆரையம்பதியில் நூல் கட்டுதலும் அச்சரக்கூடு அணிவித்தலும் புதுமையல்ல. அவ்வூரிலே என் மருமகனொருவன் சென்ற விடுமுறையில் மோதிரத்துக்கு மந்திரம் ஏற்றிக்கொண்டிருந்தான். தேசிக்காயும் இல்லை, கர்ப்பூரமும் இல்லை. எதிரே ஒரு கணினி மட்டுமே.

ஸ்கைரிம் என்பது 2011இல் அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட கற்பனை வீரசாகச விளையாட்டு. அதனைப் பிறரும் மாற்றியமைப்பதற்கான கிரியேஷன் கிட் என்னும் கருவித்தொகுதி 2012இல் வந்தது. அதிலே பொருளுக்கு மந்திரம் ஏற்றும் முறை எளிது. சுமக்கும் வலிமை கூடுதல், நெருப்புச் சுடுதல் முதலிய விளைவுகளுள் ஒன்றைத் தெரிந்து, அதற்கு அளவு குறித்து மந்திரமாக்கி, வாளோடோ மோதிரத்தோடோ பிணைக்கவேண்டும். வாளின் மந்திரம் வெட்டுந்தோறும் சிறிது செலவாகும். மோதிரத்தின் மந்திரமோ அணிந்திருக்கும்வரை நிலைக்கும்.

ஆயத்தமாயுள்ள விளைவுகள் போதாவிடின், பப்பிரஸ் என்னும் மொழியிலே கட்டளைநிரல் எழுதி விளைவோடு இணைக்கலாம். மோதிரம் விரலில் ஏறியதும் ‘ஆன் எஃபெக்ட் ஸ்டார்ட்’ என்ற பகுதி இயங்கும். கழற்றியதும் ‘ஆன் எஃபெக்ட் பினிஷ்’ என்ற பகுதி இயங்கும். மருமகன் முதற்பகுதியில், சுமக்கும் வலிமையில் 20ஐக் கூட்டுக என்று எழுதினான். இரண்டாம் பகுதியை எழுதவேயில்லை. ஆகவே மோதிரத்தைப் பத்துமுறை அணிந்து கழற்றியவனுக்கு 200 ஏறிற்று!

இதிலென்ன கேடு என்று கேட்பீர்கள். கூடிய எண் ஆடுபவரின் சேமிப்புக் கோப்பிலே பதிந்துவிடுகிறது. மோதிரத்தை எறிந்தாலும், ஏன், மருமகன் செய்த மாற்றம் முழுவதையுமே கணினியிலிருந்து அகற்றினாலும், அது போவதில்லை. அதற்குள் அவன் அதைத் தோழர் பலருக்கு அனுப்பியிருந்தான். அவர்கள் வாரக்கணக்காக ஆடிச் சேர்த்த ஆட்டம் குலைந்தது.

“ஒரு வரிதானே மாமா விட்டுப்போச்சு” என்றான்.

வேலியோரம் நின்ற அயல்வீட்டுப் பெரியவர் சிரித்தார். “கட்டு மட்டும் படிச்சிருக்கிறாய், தம்பி. வெட்டு எங்கே?”

விடுபட்ட வரியைச் சேர்ப்பது நிமிட வேலை. முன்பு ஏறியதைக் குறைப்பதுதான் இயலவில்லை. எத்தனைமுறை கூட்டினோம் என்று அவனுடைய நிரல் கணக்கு வைக்கவில்லையே! மோதிரம் அணிவதற்கு முந்திய சேமிப்பிலிருந்து மீண்டும் ஆடும்படி ஒவ்வொருவருக்கும் எழுதி மன்னிப்புக் கேட்டான்.

உண்மையில் இவ்வேலைக்கு நிரலே வேண்டியதில்லை. எண்ணை மாற்றும் ஆயத்த விளைவில் ‘ரிக்கவர்’ என்ற குறியை இட்டால், மோதிரம் கழன்றதும் விளையாட்டே பழைய அளவை மீட்டுவிடும். நிரல் தெரிந்தவர் எதற்கும் நிரல் எழுத விரைவது இயல்புதான்.

அடுத்து, அணிந்தவன் நிற்குமிடத்தில் விளக்கொன்றை நாட்டும் மோதிரம் செய்தான். அதற்கு நிரல் வேண்டியிருந்தது. விளக்கை அகற்றும் பகுதியை முதலில் எழுதிவிட்டு, அதன்பின்பே நாட்டும் பகுதிக்கு வந்தான்.