நடுவில் ஒரு தரகர்

கிண்டியிலிருந்து அடையாறுக்குப் போய்க்கொண்டிருந்தேன். சிக்னலில் டாக்ஸி நின்றது. எஞ்சின் சத்தமே இல்லை. குளிர்காற்று மட்டும் ஜிலுஜிலுவென்று வந்துகொண்டிருந்தது.

"என்னண்ணே, வண்டி ஆஃப் ஆயிடுச்சா?" என்றேன் பயந்துபோய். பின்னால் ஒரு மாநகரப் பேருந்து ஹாரனில் கை வைத்துக் காத்திருந்தது.

டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஹைபிரிட் சார். பச்சை விழட்டும், பாருங்க."

பச்சை விழுந்தது. வண்டி சைக்கிள் மாதிரி சத்தமில்லாமல் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போன பிறகுதான் எஞ்சின் மெல்லக் கண் விழித்தது.

"பேட்டரியும் மோட்டாரும்தான் சார். வேற ஒண்ணுமில்ல."

எனக்கு அங்கேதான் உதைத்தது. வேறு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டுமே! பேட்டரி கொடுப்பது டி.சி. கரன்ட், நேர்க்கோட்டில் போகிற சாது. மோட்டார் கேட்பதோ ஏ.சி., அதுவும் த்ரீ ஃபேஸ். முன்னும் பின்னும் ஆடுகிற ஆட்டக்காரி. பையன் வீட்டுக்கும் பெண் வீட்டுக்கும் பாஷையே வேறு. நடுவில் ஒரு தரகர் இல்லாமல் இந்தச் சம்பந்தம் நடக்காது. பானெட்டுக்குள் அலுமினியப் பெட்டியாக உட்கார்ந்திருக்கிற பவர் கன்வெர்ட்டர்தான் அந்தத் தரகர். கரன்ட் போனால் நம் வீட்டு ஃபேனைச் சுற்றவைக்கிற இன்வர்ட்டருக்கு இவர் பெரியப்பா.

இவருக்கு மூன்று உத்தியோகம். டொயோட்டாவின் பிரியஸ் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். 1997 டிசம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த இதுதான், பெரிய அளவில் தயாரான முதல் ஹைபிரிட் கார்.

முதல் உத்தியோகம், டி.சி.யை ஏ.சி.யாக்குவது. உள்ளே இருக்கிற ஸ்விட்சுகள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடி, டி.சி.யை நறுக்கி நறுக்கி மோட்டாருக்கு ஏற்ற அலையாகச் செய்கின்றன. பிரேக் போட்டால் இதே வேலை தலைகீழ். மோட்டார் ஜெனரேட்டராக மாறும், வருகிற ஏ.சி. மறுபடி டி.சி.யாகிப் பேட்டரிக்குப் போகும்.

இரண்டாவது உத்தியோகம், வோல்ட்டேஜை ஏற்றுவது. முதல் பிரியஸில் 240 செல்களை வரிசையாகக் கோத்து 288 வோல்ட் எடுத்தார்கள். 2003-ல் வந்த இரண்டாவது பிரியஸில் 168 செல்தான், 201.6 வோல்ட். ஆனால் மோட்டாருக்கு 500 வோல்ட் வரை போனது! மோட்டாரின் சக்தியும் 30 கிலோவாட்டிலிருந்து 50-க்கு ஏறியது. எப்படி?

வீட்டில் குழாயை வேகமாகத் திறந்துவிட்டு டக்கென்று மூடுங்கள். சில வீடுகளில் சுவருக்குள் 'டொம்' என்று சத்தம் கேட்கும். ஓடுகிற தண்ணீர் நிற்க மனசில்லாமல் முட்டுகிற முட்டு. கம்பிச் சுருளில் ஓடுகிற கரன்ட்டும் அதே ஜாதி. ஸ்விட்சைச் சட்டென்று திறந்தால், நிற்க மாட்டேன் என்று அடம்பிடித்து வோல்ட்டேஜை எகிறவைக்கும். அந்த எகிறலைச் சேமித்துக்கொள்கிறவர்தான் பூஸ்ட் கன்வெர்ட்டர்.

எதற்கு இந்தச் சிரமம்? 200 வோல்ட்டில் 100 ஆம்பியர் அனுப்பிச் செய்கிற வேலையை, 500 வோல்ட்டில் 40 ஆம்பியரில் முடித்துவிடலாம். அதே கம்பியில் சூடாக வீணாவது ஆறில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும்.

மூன்றாவது, சில்லறை மாற்றுவது. ஹாரன், ஹெட்லைட், கம்ப்யூட்டர் எல்லாவற்றுக்கும் பழைய 12 வோல்ட்தான் வேண்டும். பிரியஸில் ஆல்டர்னேட்டர் கிடையாது. 201.6 வோல்ட்டை இறக்கிக் கொடுப்பதும் தரகர் வேலைதான். அந்தச் சின்ன 12 வோல்ட் பேட்டரி இறந்துவிட்டால், பெரிய பேட்டரி நிறைய சார்ஜ் இருந்தும் வண்டி கண் விழிக்காது. கோடீஸ்வரன் பஸ்ஸுக்குச் சில்லறை இல்லாமல் ஸ்டாப்பில் நின்ற கதை.

சரி, தரகர் சும்மா வேலை செய்வாரா? கமிஷன் உண்டு. அதைச் சூடாக எடுத்துக்கொள்வார். ஒவ்வொரு தடவை ஸ்விட்ச் திறந்து மூடும்போதும் கொஞ்சம் மின்சாரம் சூடாகப் போகும். அதனால்தான் எஞ்சினுக்கு ஒரு கூலன்ட், இவருக்குத் தனியாக இன்னொரு கூலன்ட்.

கமிஷன் மீறினால் என்ன ஆகும்? 2009-ல் வந்த மூன்றாவது பிரியஸில் வோல்ட்டேஜ் 650 வரை ஏறியது. 2014 பிப்ரவரியில் அந்த மாடலில் சுமார் 19 லட்சம் கார்களை டொயோட்டா திரும்ப அழைத்தது. பூஸ்ட் கன்வெர்ட்டரை ஆட்டிவைக்கிற சாஃப்ட்வேரின் கணக்கு காரணமாகச் சில டிரான்ஸிஸ்டர்களுக்குச் சூடு அதிகமாகி, அவை கெட்டுப்போகலாம். வண்டி சக்தி குறைந்து ஊரலாம். அபூர்வமாக ஓடும்போதே நின்றும் போகலாம். சாஃப்ட்வேரை மாற்றினார்கள். ஹைவேயில் லாரிக்கு முன்னால் கார் நிற்பதை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். நகம் அளவு சிலிக்கான் சில்லுக்குள் உயிர் சமாசாரம் இருக்கிறது.

இதற்குள் டாக்ஸி ஐ.ஐ.டி. வாசலைத் தாண்டியது. நான் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். காரணம் இருக்கிறது.

அந்தச் சில்லுக்குப் பெயர் ஐ.ஜி.பி.டி. அதற்கு முன்னால் இரண்டு வகை டிரான்ஸிஸ்டர்கள் இருந்தன. ஒன்று, சொன்னபடி கேட்கும். ஆனால் வோல்ட்டேஜ் பெரிதானால் கமிஷனும் பெரிதாகும். இன்னொன்று, நிறைய கரன்ட்டைச் சுமக்கும். ஆனால் அதை வேலை வாங்கவே தனியாகக் கரன்ட் செலவழிக்க வேண்டும். இரண்டின் நல்ல குணங்களையும் ஒரே சில்லுக்குள் குடித்தனம் வைத்த முன்னோடி, ஜயந்த் பாலிகா. 1948-ல் மதராஸில் பிறந்தவர். இதே ஐ.ஐ.டி.யில் 1969-ல் எலெக்ட்ரிகல் எஞ்சினியரிங் முடித்து அமெரிக்கா போனவர். 1980-களில் அங்கே ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் அவர் செய்த வேலை இது. 2011-ல் ஒபாமா கையால் தேசியப் பதக்கம். 2024-ல் பின்லாந்தின் மில்லெனியம் பரிசு, பத்து லட்சம் யூரோ. அடையாறு பஸ்ஸில் பத்துப் பேரிடம் இவர் பெயரைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று எனக்கும் சொல்லுங்கள்.

கமிஷன் குறைப்பு இன்னும் முடியவில்லை. ஹைபிரிட்டில் வீணாகிற மின்சாரத்தில் சுமார் 20 சதவிகிதம் இந்தச் சில்லுகளில் மட்டுமே போகிறது என்று 2014-ல் டொயோட்டாவே கணக்குச் சொன்னது. சிலிக்கானுக்குப் பதில் சிலிக்கான் கார்பைடு போட்டு அதைக் குறைக்கிற வேலையும் நடக்கிறது.

இடம் வந்தது. போனை எடுத்துப் பணம் அனுப்பப் போனேன். டிரைவர் தடுத்தார்.

"கேஷா குடுத்துடுங்க சார். நடுவுல இருக்கறவன் கமிஷன் புடிக்கறதே தாங்கல!"