பாட்டில் சட்டையாகும்... சட்டை என்னவாகும்?

போன சிம்போசியத்துக்கு எங்க டிபார்ட்மென்ட் டி-ஷர்ட் வந்தப்போ, லேபிளைப் பார்த்து எல்லாருக்கும் ஒரே பெருமை. "65% ரீசைக்கிள்ட் பாலியஸ்டர், 35% பருத்தி." பாட்டிலைத்தான் போட்டுக்கிட்டு திரியுறோம்!

இது ஒண்ணும் புதுசு இல்லை. 2023 பிப்ரவரி 8 அன்று பிரதமர் மோடி நாடாளுமன்றத்துக்குப் போட்டு வந்த நீல ஜாக்கெட் ஞாபகம் இருக்கா? அதுவும் பெட் பாட்டில்தான். துணி போனது நம்ம கரூரில் இருந்து, ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் என்ற நிறுவனத்தில் இருந்து.

பாட்டில் எப்படி நூலாகுது? முதலில் தரம் பிரித்து, சின்னச் சின்னத் துண்டுகளாக நொறுக்குவார்கள். தண்ணீரில் போட்டால் மூடித் துண்டுகள் மிதக்கும், பெட் மூழ்கும். மூடி வேற பிளாஸ்டிக், அடர்த்தி குறைவு, அவ்வளவுதான். அப்புறம் சூடான காஸ்டிக் சோடாவில் கழுவினால் லேபிள் பசை போய்விடும்.

அடுத்தது உலர்த்துவது. சும்மா காயவைக்கிற வேலைன்னு நினைக்காதீங்க. ஈரம் கொஞ்சம் மிஞ்சினாலும், உருக்கும்போது நீர் மூலக்கூறுகள் எஸ்டர் பிணைப்புகளை வெட்டிவிடும். முதல் வருஷ கெமிஸ்ட்ரியில் படிச்ச அதே ஹைட்ராலிசிஸ். பாலிமர் சங்கிலி குட்டையானால் நூல் அறுந்துக்கிட்டே இருக்கும்.

நன்றாக உலர்ந்ததை ஏறக்குறைய 280 டிகிரி செல்சியஸில் உருக்கி, நுண்ணிய துளைகள் வழியாகப் பிழிவார்கள். அம்மா இடியாப்பம் பிழியுற மாதிரியேதான். வெளியே வரும் இழையை இழுத்து நீட்டும்போது சங்கிலிகள் ஒரே திசையில் அடுக்கப்பட்டு, வலு வரும். உருகிய நிலையிலேயே நிறத்தையும் கலந்துவிட்டால் சாயத்தொட்டியே தேவையில்லை. சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாடு தெரிஞ்சவங்களுக்கு இதோட அருமை புரியும்.

இதுவரைக்கும் எல்லாம் சரி. இப்போ அந்த டி-ஷர்ட் கிழிஞ்சு போச்சுன்னு வைங்க. மறுபடி உருக்கலாமா?

முடியாது. பருத்தி உருகாது, கருகும். ரெண்டு நாரும் ஒரே நூலில் முறுக்கிக் கிடக்குது, பிச்சு எடுக்கவும் வழியில்லை. எத்திலீன் கிளைகாலில் சூடாக்கி பாலியஸ்டரை மட்டும் அதன் அடிப்படை மூலக்கூறுகளாக உடைக்கிற கிளைகாலிசிஸ் முறை இருக்கு. ஆனா சாயத்தையும் மற்ற கலப்புகளையும் பிரித்துச் சுத்தம் செய்யும் செலவு அதிகம். பாட்டிலை மறுபடி பாட்டிலாக்கினால் அது இன்னொரு சுற்று வரும். எங்க டி-ஷர்ட்டுக்கோ அநேகமாக இதுதான் கடைசி ஸ்டாப்பிங். துவைக்கும்போது நுண்ணிழைகள் உதிர்ந்து தண்ணியில போறதும் புது பாலியஸ்டரைப் போலவே நடக்கும். ரீசைக்கிள்ட்னு போட்டா அது நிக்காது.

இந்த வருஷம் ஆர்டர் கொடுக்கப்போற ஜூனியர்ஸ், பாட்டில் கணக்கை விடுங்க. கலப்பு இல்லாம ஒரே நாரில் கிடைக்குமான்னு சப்ளையரிடம் கேளுங்க. 100% பாலியஸ்டர்னா நம்ம ஊர் வெயிலுக்கு வேர்க்கும்தான், சொல்லிட்டேன்.