பூட்டிய லேப்டாப் கெட்டுப் போனால்...?
48 இலக்கத்தில் இருக்கிறது உயிர்!

கல்யாணப் படங்கள், கடைக் கணக்கு, வீட்டுப் பத்திரத்தின் நகல். எல்லாம் இன்று லேப்டாப்பில்தான் இருக்கின்றன.

லேப்டாப்பைத் திருடன் கொண்டுபோனாலும் அவற்றைப் படிக்க முடியாதபடி பூட்டி வைக்கலாம். விண்டோஸ் லேப்டாப்பில் இந்தப் பூட்டுக்கு "பிட்லாக்கர்" என்று பெயர். 2007-ம் ஆண்டில் இது வந்தது. சில லேப்டாப்புகளில் இது தானாகவே பூட்டிக்கொள்கிறது. சொந்தக்காரருக்கே தெரியாது!

ஒருநாள் டிஸ்க் கெட்டுவிடுகிறது. சொந்தக்காரருக்கும் கதவு திறக்கவில்லை. ஏன்?

பெட்டிக்குள் சாவி

டிஸ்க்கைப் பூட்டும் ரகசியச் சாவியைக் கம்ப்யூட்டரே தயாரிக்கிறது. அந்தச் சாவியை ஒரு பெட்டியில் வைத்து மூடியதுபோல, டிஸ்க்கிலேயே மறைத்து வைக்கிறது. பெட்டியைத் திறப்பது லேப்டாப்பில் உள்ள ஒரு சிப், அல்லது பாஸ்வேர்டு. பெட்டியே நொறுங்கினால் சாவியும் போச்சு!

கள்ளச்சாவி போடலாமா? முடியாது. 128 பிட் சாவி என்றால், போட்டுப் பார்க்க வேண்டிய சாவிகளின் எண்ணிக்கையே 39 இலக்கம். உலகத்துக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்தாலும் நடக்காத காரியம்!

மீட்பது எப்படி?

நல்ல வேளையாக, பிட்லாக்கர் அந்தப் பெட்டியை டிஸ்க்கில் 3 இடங்களில் வைக்கிறது. ஒன்று பிழைத்தாலும் நம்பிக்கை உண்டு.

"பார்மட் செய்யட்டுமா?" என்று கம்ப்யூட்டர் கேட்கும். "வேண்டாம்" என்று சொல்லிவிட வேண்டும். கெட்ட டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதக்கூடாது. முதலில் டிஸ்க் முழுவதையும் அப்படியே நகல் எடுக்க வேண்டும். மற்ற வேலையெல்லாம் நகலில்தான்.

"ரிப்பேர்-பிடிஇ" என்ற கருவி விண்டோஸிலேயே இருக்கிறது. படிக்க முடிந்ததை எல்லாம் பூட்டு நீக்கி, வேறொரு டிஸ்க்கில் எழுதித் தரும். அந்த டிஸ்க்கில் முன்பு இருந்தவை அழிந்துவிடும். ஆகவே காலி டிஸ்க்தான் தேவை.

48 இலக்கம்

டிஸ்க்கைக் கழற்றி வேறு கம்ப்யூட்டரில் மாட்டினால், பழைய சிப் அங்கே இராது. அப்போது கைகொடுப்பது 48 இலக்க மீட்பு எண். 6 இலக்கமாக 8 பகுதி. ஒவ்வொரு பகுதியும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். அதனால் ஓர் இலக்கம் தவறினாலும் கம்ப்யூட்டர் கண்டுபிடித்துவிடும்.

இந்த எண் பலருக்கு அவர்களுடைய மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அங்கும் இல்லை, காகிதத்திலும் இல்லை என்றால், அந்த நிறுவனத்தாலும் உதவ முடியாது.

லேப்டாப் நன்றாக இருக்கும்போதே எண்ணை எழுதி, பத்திரத்தோடு பீரோவில் வையுங்கள். முக்கியமான படங்களுக்கு வேறொரு டிஸ்க்கில் நகலும் இருக்கட்டும். பூட்டு எவ்வளவு பலமோ, அவ்வளவு பத்திரமாகச் சாவியும் இருக்க வேண்டும்!