நாய்க்குப் பூசணி: தாளிக்கும் முன் எடுத்து வையுங்கள்

பரங்கிக்காய்ப் பொரியல் செய்கிற வீட்டில் நாயும் இருந்தால், முக்கியமான கேள்வி ஒன்றுதான். அதன் பங்கை எடுத்து வைப்பது வாணலியில் வெங்காயம் விழுவதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் அது நல்ல தின்பண்டம். பின்பு என்றால் அதைத் தராமல் இருப்பதே மேல்.

மஞ்சள் பூசணி, பரங்கி, கொங்குப் பக்கம் அரசாணி எனப் பல பெயரில் அழைக்கப்படும் இந்தக் காயை நாய்க்குப் பயமின்றித் தரலாம். ஓநாயின் வழிவந்த பிராணிக்குக் காய்கறி எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்வீடனின் உப்சாலா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வு இதற்குப் பதில் சொல்லிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதியைக் கணையத்தில் உருவாக்கும் மரபணு, ஓநாயிடம் இரண்டு பிரதிகளாகத்தான் இருக்கிறது. நாய்களிடம் அது 4 முதல் 30 பிரதிகள் வரை காணப்பட்டது. மனிதர் போட்ட மிச்சம் மீதியைத் தின்றே வளர்ந்த இனம், அதற்கேற்ற வயிற்றையும் சம்பாதித்துக்கொண்டது. பூசணிக்கு மஞ்சள் நிறம் தரும் பீட்டா கரோட்டினை நாயின் உடல் வைட்டமின் ஏ ஆக மாற்றிக்கொள்ளும். பூனைக்கு அந்தத் திறன் இல்லை.

பேதிக்கும் பூசணி, மலச்சிக்கலுக்கும் பூசணி என்று சொன்னால் சந்தையில் லேகியம் விற்பவர் பேச்சுபோல இருக்கும். ஆனால் இதற்குக் காரணம் உண்டு. பூசணியிலுள்ள பெக்டின் என்ற கரையும் நார்ச்சத்து, தண்ணீரைப் பிடித்துக் கூழாகிவிடும். குடலில் தண்ணீர் மிகுந்திருந்தால் அதை உறிஞ்சி மலத்தைக் கெட்டிப்படுத்தும். வறண்டிருந்தால் தான் பிடித்து வைத்த ஈரத்தால் இளக்கும். பெருங்குடலில் இருக்கும் பாக்டீரியாக்கள் இந்த நாரை நொதிக்கச் செய்து பியூட்டிரேட் போன்ற சிறு கொழுப்பு அமிலங்களை உண்டாக்குகின்றன. குடல் சுவரின் செல்களுக்கு அதுதான் எரிபொருள். உப்பையும் தண்ணீரையும் உடல் திரும்ப எடுத்துக்கொள்ளவும் அது உதவுகிறது.

ஆனால் அளவு என்று வரும்போது இந்தப் புகழ் கொஞ்சம் இறங்கித்தான் ஆக வேண்டும். 100 கிராம் அவித்த பூசணியில் ஏறக்குறைய 94 கிராம் தண்ணீர். நார்ச்சத்து சுமார் 1 கிராம், ஆற்றல் 20 கலோரி. “ஒரு கரண்டி, இரண்டு கரண்டி” என்று பரவியிருக்கும் யோசனைகள் பெரும்பாலும் அமெரிக்காவில் டின்னில் விற்கும் பூசணி மசியலை வைத்துச் சொல்லப்பட்டவை. தண்ணீர் வற்றக் காய்ச்சிய அந்த மசியலில் 100 கிராமுக்கு 3 கிராமை நெருங்கும் நார்ச்சத்து உண்டு. நம் வீட்டில் அவித்தெடுத்த பூசணியில் அதில் பாதிகூட இல்லை. 5 கிராம் இசப்கோலில் 4 கிராம் நார் கிடைக்கும். அதே அளவு நார் பூசணியிலிருந்து வேண்டுமென்றால் 350 கிராமுக்கு மேல் தின்ன வேண்டும். எனவே நாய்க்கு உண்மையிலேயே நாள்பட்ட மலச்சிக்கல் இருந்தால், மருத்துவர் பூசணியோடு நிறுத்தமாட்டார்.

எவ்வளவு தரலாம்? முதல் நாள் ஒரு டீஸ்பூன் அவித்து மசித்த பூசணி போதும். ஒத்துக்கொண்டால் 10 கிலோ எடையுள்ள நாய்க்கு ஒன்றிரண்டு மேசைக்கரண்டி, ராஜபாளையம் போன்ற பெரிய உருப்படிக்கு மூன்று நான்கு. அதிகமானால் வாயுத் தொல்லை வரும், மலம் இளகும். தோல், காம்பு, உள்ளிருக்கும் நார், விதை எல்லாவற்றையும் நீக்கிவிடுங்கள். தடித்த தோல் சின்ன நாயின் குடலில் சிக்கிக்கொள்ளலாம். பூசணி விதை குடற்புழுவை ஒழிக்கும் என்ற பேச்சை நம்பி, பூச்சி மருந்தை நிறுத்த வேண்டாம். அவித்த துண்டை முதலில் நீங்களே கடித்துப் பாருங்கள். கசந்தால் முழுக்காயையும் எறிந்துவிடுங்கள். கசப்புக்குக் காரணமான குக்கர்பிட்டசின் மனிதருக்கே வாந்திபேதி உண்டாக்கும் நஞ்சு.

இனி வெங்காயத்துக்கு வருவோம். வெங்காயம், பூண்டு, சின்ன வெங்காயம் எல்லாவற்றிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கின்றன. ஒரு கிலோ உடல் எடைக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் போனாலே இரத்தத்தில் பாதிப்பு தெரியும். வதக்கினாலும் பொடித்தாலும் அந்த நஞ்சு போவதில்லை. ஒரே வேளையில் நிறைய தின்பது மட்டுமல்ல, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பதும் கெடுதல். “எங்க நாய் பத்து வருஷமா சாம்பார் சாதம்தான் சாப்பிடுது, ஒண்ணும் ஆகல” என்பார்கள். லேசான இரத்தசோகை வெளியே தெரியாது. சுறுசுறுப்பு குறைந்தால் வயசாகிவிட்டது என்று நாமே சமாதானம் சொல்லிக்கொள்வோம்.

பரங்கிக்காய்ப் புளிக்குழம்பில் இன்னொரு சங்கதி இருக்கிறது. திராட்சை தின்ற நாய்களில் சிலவற்றுக்குச் சிறுநீரகம் செயலிழப்பது ஏன் என்பது நெடுநாள் புதிராக இருந்தது. அமெரிக்காவின் விலங்கு நச்சியல் மருத்துவர்கள் டார்டாரிக் அமிலத்தின் மீது சந்தேகம் கொண்டார்கள். டார்டாரிக் அமிலத்தின் உப்பான கிரீம் ஆஃப் டார்ட்டரைத் தின்ற நாய்க்கும், புளியைத் தின்ற நாய்களுக்கும் அதேபோன்ற சிறுநீரகப் பாதிப்பு வந்ததை 2022இல் வெளியான ஆய்வறிக்கை பதிவு செய்தது. புளியில் இந்த அமிலம் மிக அதிகம். குழம்பில் கரைந்திருப்பது குறைவுதான் என்றாலும், நாய்க்கு இவ்வளவு வரை பாதுகாப்பு என்று எல்லை எதுவும் வகுக்கப்படவில்லை. திராட்சையை ஒதுக்கச் சொல்லும் வெளிநாட்டுப் பட்டியல்களில் புளி பெரும்பாலும் இருப்பதில்லை. அவர்கள் சமையலறையில் அது கிடையாது. நம் வீட்டுப் பட்டியலில் அதை நாம்தான் சேர்க்க வேண்டும்.

எடுத்து வைத்த பூசணியில் நாய்க்குப் பிஸ்கட் செய்வதும் எளிது. நாய் பிஸ்கட்டுக்கும் காய்கறிக்கும் உள்ள உறவு புதிதல்ல. 1860களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் விற்ற நாய் பிஸ்கட்டிலேயே கோதுமை, இறைச்சியோடு பீட்ரூட்டும் இருந்தது. வீட்டுக் கணக்கு இதுதான்: கோதுமை மாவு 200 கிராம், அவித்து நீர் வடித்து மசித்த பூசணி 100 கிராம், முட்டை ஒன்று. சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைந்து, அரை செ.மீ. கனத்துக்குத் தேய்த்து, 75 சிறு துண்டுகளாக வெட்டுங்கள். உப்பு, சர்க்கரை, ஈஸ்ட் எதுவும் வேண்டாம். வேகாத ஈஸ்ட் மாவை நாய் தின்றால், வயிற்றுக்குள் அது உப்புவதோடு சாராயமும் ஊறும். வேர்க்கடலை வெண்ணெய் சேர்ப்பவர்கள் லேபிளில் சைலிட்டால் இருக்கிறதா என்று பாருங்கள். சர்க்கரைக்குப் பதிலாகச் சேர்க்கும் இந்தப் பொருள், கிலோவுக்கு 0.1 கிராம் போனாலே நாயின் இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும்.

ஓவனில் 175 டிகிரியில் 25 நிமிடம் வையுங்கள். பிறகு அணைத்துவிட்டு உள்ளேயே ஆறவிட்டால் நன்றாகக் காயும். ஓவன் இல்லாதவர்கள் கேக் செய்வதுபோல, பழைய குக்கரின் அடியில் உப்போ மணலோ பரப்பி, கேஸ்கட்டும் வெயிட்டும் இல்லாமல் சுட்டெடுக்கலாம். ஒரு துண்டு சுமார் 10 கலோரி. 10 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 630 கலோரி தேவை. தின்பண்டம் அதில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. ஆக, ஆறு துண்டு. நாய் வாலாட்டுகிறதே என்று ஏழாவதை நீட்டுபவர்களே அதிகம்.

குட்டி நாய்க்கு வாந்தியும் இரத்தப் பேதியும் கண்டால், அன்று பூசணியை மறந்துவிட்டு உடனே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள். அது பார்வோ என்ற வைரஸ் நோயாக இருக்கலாம். இரண்டு மூன்று நாளில் உயிரைப் பறிக்கும். சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ உள்ள நாய்க்கு, எதைப் புதிதாகத் தருவதென்றாலும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

பிஸ்கட்டுக்குத் திரும்புவோம். சுட்ட பிஸ்கட்டை ஒடித்துப் பார்த்தால் நொறுங்க வேண்டும். நடுவில் மெத்தென்று இருந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது என்று பொருள். கடற்கரை ஊர்களின் காற்றில் அது சில நாளில் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தால் ஒரு வாரம் வரும். பூஞ்சை சிலவற்றில் உண்டாகும் அஃப்ளடாக்சின் நாயின் ஈரலை அழிக்கும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் கடையில் விற்ற உணவிலேயே அது கலந்து, பல நாய்கள் இறந்தன. பச்சை படர்ந்த பிஸ்கட்டைச் சுரண்டிவிட்டுத் தராதீர்கள். நம் நாய்க்கு வேண்டாம் என்று தெரு நாய்க்கும் போடாதீர்கள். குப்பையில் கொட்டி மூடிவிடுங்கள்.